ஏடிபிப் புறத்திணையியல்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலைப் புலவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள் என்பதால் முதலில் அந்தக் கடனைத் தீர்த்துவிடுகிறேன். நூல் நுதலிய பொருள் அடினோசின் ட்ரைபாஸ்பேட். அத்தனை எழுத்தும் வாயில் நுழையாதவர்கள் ஏடிபி என்பார்கள், நாமும் அப்படியே. எல்லை என்று கேட்டால் வேங்கடமும் குமரியும் இல்லை. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு ஒன்றுதான் எல்லை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கேட்போர், பள்ளியில் ‘ஏடிபி செல்லின் ஆற்றல் நாணயம்’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கி, அத்தோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பயன், அது பாதி விடைதான் என்று தெரிந்துகொள்வது. வாங்கிய மதிப்பெண்ணை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

நூல் வந்த வழி 1929ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமன் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியாக அதையே கண்டு எழுதினார்கள். சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஏடிபியைப் பற்றி எழுதும் எவரும் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கல்லூரியை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் தப்பில்லை.

அதே 1929இல் கேம்பிரிட்ஜில் ஆலன் ட்ரூரியும் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜியும் இன்னொரு வேலை செய்தார்கள். ஏடிபியின் நெருங்கிய உறவுகளான அடினைன் சேர்மங்களை விலங்குகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு மெதுவானது. உள்ளே இருந்து உழைக்க வேண்டிய பொருள் வெளியிலிருந்து கட்டளை இடுகிறது! அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் குறைவு. எடுத்துக்கொள்ளப் போகிறவர் அந்த ஆண்டு மே மாதம்தான் லண்டனில் பிறந்திருந்தார். அவர் பெயர் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக். பஞ்சாங்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் இந்த ஆண்டைப் பார்க்கும்போது கொஞ்சம் தடுமாறுகிறேன்.

அகம்

செல்லுக்குள் இருக்கும் ஏடிபி அகத்திணை. என்னை காரணம் எனின், அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லும் வழக்கமில்லை. உள்ளிருக்கும் ஏடிபியும் பெயரின்றி உழைக்கிறது. தசை சுருங்குவதும் சோடியத்தைச் செல் வெளியே தள்ளுவதும் அதன் தயவில்தான். 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மன் அதன் பாஸ்பேட் பிணைப்புக்கு ‘உயர் ஆற்றல்’ என்று பட்டம் கொடுத்தார். அந்தப் பட்டம் இறங்கவே இல்லை. நம் உடல் ஒரு நாளில் ஏறக்குறையத் தன் எடை அளவுக்கு ஏடிபியைச் செய்து, உடைத்து, மறுபடி செய்கிறது. எடையில் நூற்றில் இரண்டு பங்கே இருக்கும் மூளை, ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் சாப்பிடுகிறது. மீதியைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அகத்திணையியல் முற்றிற்று.

எல்லை பற்றிய ஒரு தடையும் விடையும்

அஃதேல், உடலின் ஒவ்வொரு செல்லும் உயிர் வாழத் தேவையான பொருளைத் தெருவில் வீசியா சேதி சொல்வார்கள்? யாராவது ரூபாய் நோட்டில் கடிதம் எழுதுவார்களா?

இந்தத் தடையை நான் கற்பனை செய்யவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் பெரும்பாலான நரம்பியலாளர்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கும் இருக்கும் பொருள் எதையும் குறிக்காது என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

விடை சமையலறையில் இருக்கிறது. அங்கே புளி இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே புளி படுக்கையறைத் தலையணையில் கிடந்தால், வீட்டில் என்ன நடந்தது என்று உடனே கேட்போம். ஏடிபியும் அப்படித்தான். செல்லுக்குள் அதன் செறிவு மில்லிமோல் கணக்கு. வெளியே, அமைதியான நேரத்தில், நானோமோல் கணக்கு. இடையில் பல லட்சம் மடங்கு வித்தியாசம். வெளியே ஒரு சிட்டிகை விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். போதாததற்குச் செல்களின் வெளிப்புறத்தில் அதை உடைக்கும் நொதிகள் துடைப்பத்தோடு நிற்கின்றன. சேதி சொன்னதும் தரை சுத்தம். ஒரு நல்ல சைகைக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஏடிபி எப்போதும் ஒரே பொருள்தான். சவ்வின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே அதன் இலக்கணம்.

எதிர்மறைப் பெயர்

புறத்திணை இங்கே தொடங்குகிறது. தொடங்கிய இடம் ஒரு கினிப்பன்றியின் பெருங்குடல். பெரிய காரியங்கள் எப்போதும் பெரிய இடத்தில் தொடங்குவதில்லை.

அந்தக் குடலின் நீளவாக்கில் டீனியா கோலை என்ற மென்தசைப் பட்டை ஓடுகிறது. 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பர்ன்ஸ்டாக்கும் அவரோடு இருந்தவர்களும் அந்தத் தசையின் மின்மாற்றங்களை அளந்துகொண்டிருந்தார்கள். தானியங்கு நரம்புகளில் சேதி சுமக்கும் வேதிப்பொருளான கடத்தி இரண்டே சாதி என்பது அன்றைய சாத்திரம்: அசிடைல்கோலின், நார்அட்ரினலின். ஒன்றை அட்ரோபின் போட்டு அடைத்தார்கள். மற்றதையும் தகுந்த மருந்தால் அடைத்தார்கள். பிறகு நரம்பைத் தூண்டினார்கள். இரண்டு வாயும் அடைபட்ட நரம்பு பேசாமல் இருந்திருக்க வேண்டும். தசையோ நன்றாகத் தளர்ந்து கொடுத்தது. மூன்றாவதாக யாரோ பேசுகிறார்கள்!

அந்த மூன்றாவது ஆளுக்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: ‘அட்ரினலின் வகையும் அல்லாத, கோலின் வகையும் அல்லாத’ நரம்பு. இலக்கணத்தில் எதிர்மறையால் மட்டுமே ஒரு பொருளைக் குறிப்பது வறுமை. ‘நாற்காலியும் அல்லாதது, மேசையும் அல்லாதது’ என்று கடைக்காரரிடம் கேட்டால் அவர் நம்மை வெளியே அனுப்பிவிடுவார். அறிவியல் அந்தப் பெயரோடு சில ஆண்டுகள் குடித்தனம் நடத்தியது. 1970இல் பர்ன்ஸ்டாக் குழு நேர்ப்பெயரை முன்வைத்தது: ஏடிபி. 1972இல் அவர் ஒரு நீண்ட கட்டுரையில் அந்த நரம்புகளுக்கு, ஏடிபியின் வேதிக் குடும்பப் பெயரால், ப்யூரின் நரம்புகள் என்று பெயர் சூட்டினார். பாராட்டு வரவில்லை. அவநம்பிக்கை வந்தது, நிறையவே.

அவருக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பமீலா ஹோல்ட்டன் 1959இலேயே முயல் காதின் உணர்வு நரம்பைத் தூண்டி, அங்கிருந்து ஏடிபி வெளிவருவதைக் காட்டியிருந்தார். ஆனால் ஒரு பொருளை ‘ஆற்றல்’ என்ற இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டால், அதே பொருள் வேறு இழுப்பறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போது கண் தெரிவதில்லை. வகைப்படுத்தும் தொழிலில் இருக்கிற நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேர்மைக்காக ஒரு அடிக்குறிப்பை மேலேயே எழுதிவிடுகிறேன். அந்த ‘அல்லாத’ அறையில் குடியிருந்தது ஏடிபி மட்டும் இல்லை. பின்னாளில் கதவைத் திறந்து பார்த்தபோது நைட்ரிக் ஆக்சைடும் உள்ளே உட்கார்ந்திருந்தது.

உம்மைத்தொகை

‘ஒரு நரம்புக்கு ஒரு கடத்தி’ என்று ஹென்றி டேலின் பெயரால் ஒரு விதி வழங்கிவந்தது. 1976இல் பர்ன்ஸ்டாக் அதையும் கேள்வி கேட்டார். சில நரம்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட கடத்திகளை விடக்கூடுமோ?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருந்திருக்கக் கூடாது. ‘கபிலபரணர்’ என்கிறோம். பார்வைக்கு ஒரே சொல், உள்ளே இரண்டு புலவர், நடுவில் மறைந்து நிற்கும் ‘உம்’. பரிவு நரம்பில் கடத்தியைச் சேர்த்துவைக்கும் நுண்பையும் அப்படித்தான். வெளியே எழுதியிருப்பது நார்அட்ரினலின், உள்ளே நார்அட்ரினலினும் ஏடிபியும். விந்துக் குழாய்த் தசையில் இதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் வரும் சட்டென்ற இழுப்பு ஏடிபியால், பின்னால் நிதானமாக வரும் இழுப்பு நார்அட்ரினலினால். சிறுநீர்ப்பையில் ஜோடி மாறுகிறது: அசிடைல்கோலினும் ஏடிபியும். நல்ல உடல்நிலையில் உள்ள மனிதருக்கு அங்கே ஏடிபியின் பங்கு சொற்பம். பை நோயுற்றால் அந்தப் பங்கு கூடுகிறது. தொகையை விரித்தால் இரண்டாம் புலவரின் குரல் ஓங்குகிறது என்று உரை எழுதிக்கொள்ளலாம்.

தனித்துப் பேசுவதும் உண்டு. 1992இல் மூளையின் ஹபெனுலா என்ற சிறு பகுதியில் ஏடிபி மட்டுமே கடத்தியாக நின்று, மில்லிநொடிக் கணக்கில் சேதி கடத்தும் சினாப்ஸ் (நரம்புச் சந்திப்பு) பதிவானது. நுண்பைக்குள் ஏடிபியை ஏற்றும் சுமைதூக்கிப் புரதத்தை ஜப்பானியர்கள் 2008இல்தான் அடையாளம் கண்டார்கள். மூட்டை வந்து சேர்ந்தது தெரிந்த எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு ஏற்றிய ஆளைப் பிடித்தார்கள்.

உழிஞையும் நொச்சியும்

மதிலை முற்றுவது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. தொல்காப்பியர் நொச்சியைத் தனித் திணையாக வைக்காமல் உழிஞைக்குள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை பிரித்தது. நான் இங்கே வெண்பாமாலைக் கட்சி, காரணம் கீழே.

செல்லின் மதில் உடைந்தால் உள்ளே சேர்த்துவைத்த ஏடிபி மொத்தமும் கொட்டுகிறது. விரலில் கத்தி பட்ட இடத்தில் நடப்பது இதுதான். அருகில் இருக்கும் வலி நரம்பின் நுனியில் பி2எக்ஸ்3 என்ற ஏற்பி காத்திருக்கிறது. ஏடிபி வந்து ஒட்டியதும் வாயில் திறக்கிறது, நரம்பு அலறுகிறது. 1977இல் மனிதர்களின் தோல் கொப்புளத்தின் மேல்தோலை நீக்கி, அடிப்பகுதியில் ஏடிபி வைத்துப் பார்த்தார்கள். வலித்தது. அதற்கு ஒப்புக்கொண்டவர்களுக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது. இது உழிஞை.

மதில் உடையாமலும் இந்தச் சேதி போவதுண்டு. சிறுநீர்ப்பை நிரம்பி விரியும்போது அதன் உட்பூச்சுச் செல்கள் ஏடிபியைக் கசியவிடுகின்றன. கீழே இருக்கும் நரம்பின் பி2எக்ஸ்3 அதைக் கேட்டு, ‘நிரம்பிவிட்டது’ என்று மேலே சொல்கிறது. 2000இல் அந்த ஏற்பி இல்லாத எலிகளை ஆராய்ந்தார்கள். பை நிரம்பியும் அவை அவசரப்படவில்லை. வெளியூர்ப் பேருந்தில் இரவெல்லாம் உட்கார்ந்து போகிறவர்கள் அந்த எலிகளைப் பொறாமையோடு நினைக்கலாம்.

நொச்சி மூளைக்குள் நடக்கிறது. மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் தங்கள் கிளைகளை ஓயாமல் நீட்டி மடக்கித் துழாவிக்கொண்டே இருக்கின்றன. 2005இல் இரண்டு குழுக்கள் உயிருள்ள எலியின் மூளையில் இதை நேரில் படம் பிடித்தன. லேசரால் ஓர் ஊசிமுனைக் காயம் செய்ததும், சுற்றியிருந்த மைக்ரோக்ளியாக்கள் சில நிமிடங்களில் கிளைகளை அந்தப் பக்கம் அனுப்பிக் காயத்தைச் சூழ்ந்து வேலி கட்டிவிட்டன. காயமே இல்லாமல் நுண்குழாய் வழியாக ஏடிபியை விட்டாலும் அதே ஓட்டம். கேட்கும் காது பி2ஒய்12 என்ற ஏற்பி என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. உடைந்ததும் காக்க ஓடியதும் வேறு வேறு செல்கள், வேறு வேறு ஏற்பிகள். ஆகவே இரண்டு திணை. வெண்பாமாலைக்கு வெற்றி.

பி2ஒய்12 நம் வீடுகளுக்குப் புதியதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களின் மாத்திரை டப்பாவில் க்ளோபிடோக்ரெல் இருக்கும். அது அடைப்பது ரத்தத் தட்டணுக்களில் உள்ள இதே ஏற்பியைத்தான். மருந்து 1997இல் விற்பனைக்கு வந்தது, ஏற்பி அடையாளம் காணப்பட்டது 2001இல். பூட்டு எது என்று தெரியாமலே சாவி நாலு ஆண்டு வேலை செய்திருக்கிறது.

பெருந்திணை

பொருந்தா உறவு பெருந்திணை. நரம்பு காயப்பட்ட சிலருக்குச் சட்டைத் துணி உரசினாலே தோல் எரியும். தொடுதலும் வலியும் பொருந்தாமல் கூடிவிட்ட நிலை. 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் இதன் ஒரு காரணத்தைக் காட்டினார்கள். நரம்பு காயமானபின் தண்டுவடத்து மைக்ரோக்ளியாவில் பி2எக்ஸ்4 ஏற்பி பெருகுகிறது, அதை அடைத்தால் தொடுதல் மறுபடி தொடுதலாகிறது. நரம்பின் நோய் என்று நினைத்ததில் காவலரின் பங்கும் இருந்திருக்கிறது.

ஏற்பியியல், அல்லது ஆசிரியரின் தலைவலி

இந்த நூலில் என் தூக்கத்தைக் கெடுத்த இயல் இது. 1978இல் பர்ன்ஸ்டாக் ஏற்பிகளை இரண்டாகப் பிரித்தார். அடினோசினுக்குப் பி1, ஏடிபிக்கும் ஏடிபிக்கும் பி2. (இரண்டாவது ‘ஏடிபி’, பாஸ்பேட் ஒன்று குறைந்த ஏடிபி, ஆங்கில எழுத்தில் டி வேறு, டி வேறு, தமிழில் இரண்டும் ஒரே டி. இனி அதை ‘இரு பாஸ்பேட்’ என்று சொல்கிறேன். தொல்காப்பியர் இதற்கெல்லாம் விதி செய்து வைக்கவில்லை.) 1985இல் பி2 மறுபடி உடைந்தது: பி2எக்ஸ், பி2ஒய். எக்ஸ் என்பது அயனிகள் பாயும் வாயில்; ஏடிபி ஒட்டியதும் மில்லிநொடியில் திறக்கும். ஒய் உள்ளே இருக்கும் ஜி புரதத்திடம் சொல்லி, அது இன்னொருவரிடம் சொல்லி, நிதானமாக நடக்கும் அலுவலக வழி. 1993, 1994இல் இவற்றின் மரபணுக்கள் கைக்குக் கிடைத்தபின்தான் நம்பாதவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். ஏற்பியின் மரபணு வரிசையை நேரில் பார்த்தபின் எப்படி மறுப்பது?

எக்ஸ் குடும்பம் ஒழுக்கமானது. ஒன்று முதல் ஏழு வரை விடுபடாத எண்கள். மூன்று உறுப்புகள் சேர்ந்தால் ஒரு வாயில். மூன்றும் ஒரே வகையாக இருந்தால் இயல்பு புணர்ச்சி. இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் கலந்தால் விகாரப் புணர்ச்சி, குணம் மாறும். ஆறாவது தனியாகச் சேர்ந்தால் ஒழுங்காக வேலை செய்வதில்லை. துணை தேடும், சார்பெழுத்து மாதிரி. ஏழாவது சாதாரண அளவுக்கு அசைந்தே கொடுக்காது. ஏடிபி மிக அதிகமாக, அதாவது பேரழிவு நேர்ந்த அளவுக்குக் கொட்டினால்தான் திறந்து, அழற்சிக்கான சேதியைக் கிளப்பிவிடும். ஊரே தீப்பிடித்தால் மட்டும் அடிக்கும் மணி.

ஒய் குடும்பத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்தால் 1, 2, 4, 6, 11, 12, 13, 14. மீதி எண்கள் எங்கே? மூன்று கோழியோடது, எட்டு தவளையோடது. ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து ஆகியவை கொழுப்பு வகைச் சேதிகளைக் கேட்பவை என்று தெரிந்து, வேறு குடும்பங்களுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டன. பதினொன்று எலியிடம் இல்லை, ஆகவே எலியை வைத்து ஆராய்கிறவர்களுக்கு அது காதில் கேட்ட கதை. இருக்கிற எட்டிலும் பன்னிரண்டும் பதின்மூன்றும் விரும்புவது இரு பாஸ்பேட்டை. ஆறு கேட்பது யூரிடின் வழி வந்த உறவினரை. பதினாலாவது யூரிடின் சர்க்கரையிடம் மனதைக் கொடுத்துவிட்டது. ஏடிபி வாசலில் நின்று அழைத்தாலும் திரும்பிப் பார்க்காது. இதைக் கைக்கிளை என்று வகுத்தேன்.

இடையில் தட்டணுவுக்குப் பி2டி, வேறொன்றுக்குப் பி2யூ, இன்னொன்றுக்குப் பி2இசட் என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. டி இப்போது ஒய்12. யூ இப்போது ஒய்2. இசட் இப்போது எக்ஸ்7. சென்னையில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டும் எழுதாத வீட்டுக்குத் தபால்காரர் படும் பாட்டை, 1980களின் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது நானும் பட்டேன்.

நாவியல்

பி2எக்ஸ்2ம் பி2எக்ஸ்3ம் இல்லாத எலிக்கு இனிப்பும் கசப்பும் எட்டுவதில்லை என்று 2005இல் காட்டினார்கள். நாக்கின் சுவைச் செல் நரம்புக்குச் சேதி சொல்வது ஏடிபியால்தான். இனிப்பு, கசப்பு, உமாமி மூன்றையும் உணரும் செல்களில் முறையான சினாப்ஸ்கூட இல்லை. நுண்பையும் வேண்டாம், சடங்கும் வேண்டாம் என்று ஒரு கால்வாயைத் திறந்து ஏடிபியை அப்படியே ஊற்றுகின்றன. திருநெல்வேலி அல்வாவை வாயில் போட்டதும் நடப்பது இவ்வளவுதான். இப்படிச் சொன்னதற்கு அல்வா ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

இங்கேதான் மருந்து செய்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தொண்டை நரம்பின் பி2எக்ஸ்3ஐ அடைத்தால் தீராத இருமல் குறையும் என்று ஜெஃபாபிக்சன்ட் வந்தது. 2022இல் ஜப்பானில் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் கிடைக்கவில்லை. இருமல் ஓரளவு குறைந்தது. கூடவே, முழு அளவு சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேல் சுவையில் குழப்பம் என்றார்கள். புணர்ச்சி விதி தெரிந்தவர்களுக்கு இது எதிர்பார்த்ததே: நாக்கில் இருப்பது இரண்டும் மூன்றும் கலந்த விகாரப் புணர்ச்சி, மருந்து அதையும் சேர்த்து அடைத்துவிட்டது. இப்போது மூன்று மட்டும் கூடிய இயல்பு புணர்ச்சியைத் தேர்ந்து அடைக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள். இலக்கணம் சோறு போடாது என்றார் என் மாமா. இருமல் மருந்தாவது கொடுக்கும் போலிருக்கிறது.

சிதைவியல்

வெளியே வந்த ஏடிபி நிலைப்பதில்லை. நொதிகள் பாஸ்பேட்டை ஒவ்வொன்றாகப் பிடுங்குகின்றன. மூன்று, இரண்டு, ஒன்று, கடைசியில் வெறும் அடினோசின். கெடுதல் விகாரம் மூன்று முறை நடந்த சொல். ஆனால் சொல் அழியவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது. ஏடிபி பெரும்பாலும் நரம்பைக் கிளப்பும். அடினோசின், பி1 குடும்பத்து ஏ1 என்ற ஏற்பியில் அமர்ந்து அமர்த்தும். கூச்சலே கரைந்து தாலாட்டாகிறது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் முன்மூளையின் அடிப்பகுதியில் அடினோசின் சேர்ந்துகொண்டே போவதை 1997இல் பூனைகளில் அளந்தார்கள். அது சேரச் சேரத் தூக்கம். காஃபீன் உருவத்தில் அடினோசினின் தூரத்து உறவு. அதன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும், வேலை மட்டும் செய்யாது. நாற்காலி கிடைக்காத அடினோசின் வெளியே நிற்கும். இந்த இயலை எழுதிய இரவில் என் மேசையில் இரண்டு டபரா காலியாக இருந்தன. பி1 குடும்பத்தின் நான்கு ஏற்பிகளில் குறைந்தது இரண்டு அப்போது அடைபட்டிருந்தன என்று சான்று கூற என்னால் முடியும்.

ட்ரூரியும் சென்ட்-ஜார்ஜியும் 1929இல் கண்ட மெதுவான இதயத்தை இப்போது அவசர சிகிச்சைப் பிரிவில் பார்க்கலாம். தறிகெட்டு ஓடும் ஒருவகை இதயத் துடிப்புக்கு ஆறு மில்லிகிராம் அடினோசினை சிரை ஊசி வழியே சட்டென்று செலுத்துகிறார்கள். சில நொடிகள் திரையில் கோடு நேராக ஓடும். அறையில் யாரும் மூச்சு விட மாட்டார்கள். பிறகு துடிப்பு தன் பழைய தாளத்துக்குத் திரும்பும். அடினோசின் அதற்குள் சிதைந்து போயிருக்கும்.

ஒழிபு

ஒழிபியலில் மீதியைத் தள்ளிவிடுவது நம் மரபு. எனக்கு மீதியாக நின்றது ஒரு செடி. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியின் இலையில் காயம் பட்டால் அங்கும் ஏடிபி கசிகிறது. அதைக் கேட்கும் ஏற்பியை 2014இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பி எக்ஸ் மாதிரி வாயிலும் இல்லை, ஒய் மாதிரி அலுவலகமும் இல்லை, அது ஒரு கைனேஸ் நொதி. நரம்பு மண்டலம் என்று எல்லை வகுத்து, அகம் புறம் பிரித்து, திணை துறை எல்லாம் கட்டி முடித்த நேரத்தில், நரம்பே இல்லாத ஒன்று கதவைத் தட்டுகிறது. எக்ஸ், ஒய் முடிந்தது, பழைய இசட்டும் போய்விட்டது, இனி என்ன பெயர் வைப்பார்கள் என்று பார்த்தேன். பி2கே என்று வைத்திருக்கிறார்கள்.